மாவுல கெடந்த வெத்தல

மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லாட்ஜுல கக்கூஸ் கழுவிக்கிட்டுக் கெடந்தேன். சமையக்காரரு வேலையவிட்டு நின்னுட்டாருன்னு மொதலாளியக்கா என்னய அடுப்படிக்கு ஏத்திவிட்டாக. பெரிய ஆளாயிட்டம்னு நெனப்பு.

இட்லி மாவு சீக்கிரம் புளிக்கக் கூடாதுன்னு அக்கா அதுமேல வெத்தலயக் கவுத்துப் போட்டு வைப்பாக. எனக்கு அது தெரியாது. எனக்குத்தேன் வச்சிருக்காக, நம்ம மேல இம்புட்டுப் பாசமான்னு, ராத்திரி அத எடுத்துத் தொடச்சு, பாக்கு சுண்ணாம்பு சேத்து மென்னுட்டேன்.

விடிஞ்சா மாவு புளிச்சு நாறுது. ரூம்ல தங்குனவுக இட்லிய வாயில வச்சதும் துப்பிட்டாக.

அக்கா என் செவந்த வாயப் பாத்தாக. "மிச்ச மாவக் கொண்டுபோயி கக்கூஸத் தேயி. புளிப்புக்குக் கறை போகும்"னாக.

தேய்ச்சேன். பளபளன்னு ஆயிருச்சு.

"பாத்தீகளா, இவன் கைப்பக்குவம் அங்கனதேன் எடுபடுது"ன்னு அக்கா தங்குனவுககிட்டச் சொன்னாக. அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. நானும் கூடச் சிரிச்சுக்கிட்டே அடுத்த கக்கூஸுக்குப் போனேன்.