பச்சை வராத கண்ணாடி

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எர்பியம் என்ற அரிய உலோகத்தின் உப்பைத் துளி கலந்து நானே உருக்கி வார்த்த கண்ணாடித் துண்டு ஒன்று கையில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை அதன்மேல் அடித்தால் பச்சையாக ஒளிர வேண்டும். இரண்டு சிறிய ஒளித்துகள்களின் சக்தி உள்ளே ஒன்றுசேர்ந்து ஒரு பச்சைத் துகளாக வெளியே வரும். அதற்கு ஒளி சிதறாமல் ஒரே இடத்தில் குவிந்து விழவேண்டும்.

அப்பாவின் நிபந்தனை வேறு. "பூஜை லீவுக்குள்ள அந்தப் பச்சை வந்தா மேல படி. வரலேன்னா களக்காட்டுக்கு வந்துரு. மாப்பிள்ளை பாக்கணும்." சொன்ன வாக்கு மாறாத மனுஷன். அதுதான் என் பயமே.

இரவல் லேசர் ஆயுதபூஜைக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. பூஜையன்று எதையும் இயக்கக் கூடாது. ஆய்வகத்தில் உலை, தராசு, மைக்ரோஸ்கோப், கதவுப் பூட்டு என்று ஒன்றைக்கூட விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். ஊரிலிருந்து வந்த அப்பாவும் கூடமாட உதவினார்.

மறுநாள் காலை லேசரைப் போட்டேன். பச்சை இல்லை. ஜன்னலை அடைத்து இருட்டாக்கினேன். அப்போதும் இல்லை. எர்பியம் கூடிப்போனதோ, குறைந்துபோனதோ? லேசரே செத்துவிட்டதோ? கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வருகிறதா, இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது? படித்ததெல்லாம் தலைக்குள் குழம்பிவிட்டது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

லேசரை அணைத்துவிட்டு அதன் முகப்பைக் குனிந்து பார்த்தேன். ஒளி வரும் துவாரத்தின் மேலேயே காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். அறை முழுக்கப் பொட்டாக இருந்ததில் இது மட்டும் தனியாக எங்கே கண்ணில் படும்?

"நாந்தான் வச்சேன்," என்றார் அப்பா. "இதுதான் முக்கியமான சாமான்னு நீதானட்டி சொன்ன?"

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். கண்ணாடிக்குள் கடுகளவு பச்சை எழுந்தது. சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன்.

அப்பா எழுந்து வந்து அதைக் குனிந்து பார்த்தார். "அப்போ, நான் வச்ச பொட்டை அழிச்சாத்தான் எரியுமோ?"

ஆமாம் என்பதா, இல்லை என்பதா? சந்தனம் ஒட்டிய பஞ்சைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

சாயந்திரம் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் என்னைப் பார்க்காமலே, "நீ இங்கனயே இரு" என்றார். மனம் நிறைந்து சொன்னாரா, மனம் வெறுத்துச் சொன்னாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் இருந்துவிட்டேன்.