மாமாவைச் சுட்ட அக்கா

அந்த விளையாட்டில் நான்தான் டாக்டர். காசில்லாமல் கிடைக்கிற விளையாட்டு அது. செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, அதை மூன்று கம்ப்யூட்டர்களில் ஏற்றி வைத்திருந்தார். ஏதோ ஒரு கிரகத்தில் பாழடைந்த கட்டடம். மொட்டை மாடியிலிருந்து தெருவைப் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்க வேண்டும். சுவரைப் பிளந்துகொண்டு நாய் உயரத்துக்குப் பூச்சிகள் வரும். கூட்டாகச் சுட்டுக்கொண்டே வெளிவாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். நம்முடைய ஆள் குறுக்கே வந்தால் குண்டு அவர் மேலும் படும். அடிபட்டவருக்கு மருந்து வைப்பது என் வேலை. மருந்தோ கொஞ்சம்தான். யாருக்கு வைப்பது, யாரை விடுவது என்று பத்து வயதில் நான் பட்ட கவலை கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து அறையில் முடங்கியிருப்பார்கள். சென்டர் காலியாக இருக்கும். மற்ற நாளில் கம்ப்யூட்டர் என்றாலே கத்துகிற அம்மா, அன்று மட்டும் தூக்கில் காரக்குழம்பு கொடுத்து, அக்காவையும் என்னையும் வேங்கிக்காலில் பஸ் ஏற்றிவிடுவாள். காரணம் இருந்தது. கார்த்திகை தீபத்தன்று உறவெல்லாம் வீட்டில் கூடும்போது அக்காவுக்கும் மாமாவுக்கும் தட்டு மாற்றிவிடுவது என்று முடிவாகியிருந்தது. தாய்மாமன், முறைதானே, கொஞ்சம் பேசிப் பழகட்டும் என்று அனுப்பினார்கள். நான் துணைக்கு. டாக்டர் இல்லாமல் ஆட முடியாதென்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் கர்வமாகத் திரிந்தேன்.

அக்காவுக்கு அது காலேஜில் கடைசி வருஷம். சென்னைக்குப் போய் மேலே படிக்க வேண்டும் என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னாள். கல்யாணம் ஆகட்டும், அப்புறம் அவன் பாடு உன் பாடு என்று அப்பா முடித்துவிட்டார். அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. மாமா கெட்டவராக இருந்தால் திறந்திருப்பாள். அவரோ சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை சுற்றியவர். அக்கா குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் அழுவது எனக்குக் கேட்கும். விளையாட்டில் சரியாகச் சுட வரவில்லையே என்று அழுகிறாள் என நினைத்துக்கொள்வேன்.

ஏனென்றால் அவள் குண்டெல்லாம் மாமா மேலேயே பட்டுக்கொண்டிருந்தது. முதலில் தவறி ஒன்று. "ஐயோ, சாரி மாமா" என்பாள். அடுத்த வாரம் இன்னும் ஜாஸ்தி. பிறகு சாரியும் நின்றுபோனது. மாமா சிரித்துக்கொண்டே அடி வாங்குவார். மருந்தையெல்லாம் அவர் ஒருவருக்கே வைத்துவிட்டு, நான் வெறுங்கையோடு பூச்சிகளின் நடுவில் நிற்பேன்.

தீபத்துக்கு முந்தின ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் யாரோ ஒரு சாமியார் பிரிண்ட் எடுக்க வந்தார். மாமா எழுந்து போனார். அவருடைய சிப்பாய் ஒரு மூலையில் சும்மா நின்றான். நாலு பக்கமும் பூச்சி. போச்சு, மாமா செத்தார் என்று நான் கண்ணை மூடப் போனேன். அக்கா அவனுக்கு முன்னால் போய் நின்றாள். ஒவ்வொன்றாகச் சுட்டாள். ஒரு குண்டு வீணாகவில்லை, ஒன்றுகூட மாமாவின் ஆள் மேல் படவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். நிமிர்ந்தால், மாமா கையில் பேப்பரோடு எங்கள் பின்னாலேயே நின்றிருந்தார்.

அவர் வந்து உட்கார்ந்ததும் அக்கா திரும்பி அவரைச் சுட்டாள். மாமா விலகவில்லை, மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அன்று அவர் சிரிக்கவுமில்லை. நான் ஓடி ஓடி மருந்து வைத்தேன். மருந்து தீர்ந்தது. மாமா விழுந்தார். என்னால்தான் தோற்றோம் என்று பஸ்ஸில் வீடுவரைக்கும் அழுதேன். என்னைச் சமாதானப்படுத்த வேண்டியவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

தீபத்தன்று கீழ்பென்னாத்தூர் சொந்தமெல்லாம் வந்து, மலையில் தீபம் தெரிய மாடியில் இடம் பிடித்துவிட்டது. கூடத்தில் தட்டு தயார். மாமா செருப்பைக் கழற்றினார், ஆனால் உட்காரவில்லை.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாங்க மாமா" என்றார் அப்பாவிடம். "எனக்குதான் மனசு ஒப்பல. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. படிக்க அனுப்புங்க."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் பொண்ணுக்கு என்ன குறைச்சல் என்று அங்கிருந்தே கத்தினாள், இனி இந்த வாசலை மிதிக்காதே என்றாள். அகலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. அகல் நிரம்பித் தரையில் எண்ணெய் ஓடியது.

மாடியில் எல்லாரும் அரோகரா போட்டபோது நான் தீபத்தைப் பார்க்கவில்லை. மாமாவின் பின்னால் தெருமுனைவரை ஓடினேன். அவர் போய்விட்டால் ஞாயிறும் போய்விடும், எல்லாமே போய்விடும் என்று பயம். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அக்கா உங்கள சுட்டதாலயா மாமா? அவளுக்கு குறி பாக்கத் தெரியல. நான் கத்துத் தரேன் மாமா, போவாதீங்க."

மாமா குனிந்து என் தலையில் கை வைத்தார்.

"உங்க அக்காவுக்குக் குறி தப்பவே தப்பாதுடி" என்றார்.

மலைப் பக்கம் போகிற கூட்டத்துக்கு எதிராக அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அத்தனை பூச்சிகளை விட்டுவிட்டு அவரையே சுட்டவளைப் போய்க் குறி தப்பாதவள் என்கிறாரே, இத்தனை நாள் ஆடியும் இந்த மாமாவுக்கு விளையாட்டே புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.