கிட்டாருக்கு வைத்த பொட்டு

பகலில் செல்லமுத்து மல்லசமுத்திரத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் எடைக் குமாஸ்தா. முகூர்த்த நாள் வந்துவிட்டால் கிட்டார் செல்லமுத்து. ஜிப்பாவை மாட்டிக்கொண்டு சேலம் பஸ் ஏறுவான். சேலத்தில் மெல்லிசைக் குழு நடத்திய சுப்பையனிடம் எட்டு வருடமாக அவன் கிட்டார் வாசித்தான். கிட்டார் அவனுடையதல்ல. சுப்பையன் கல்கத்தாவிலிருந்து தருவித்த மின் கிட்டார் அது. ஊரில் அதைத் தன்னுடையது என்று செல்லமுத்து ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் அப்படிச் சொன்னபோது மறுத்ததும் இல்லை.

1979 ஆவணியில், திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "அந்தக் கிட்டாருக்குச் சொறி புடிச்சிருக்குதாட்டம் இருக்குது, பாத்தீங்களா" என்றார். மைக்கே அதைப் பிடித்துக் கூடம் முழுக்கச் சொன்னதுபோல் செல்லமுத்துவுக்குக் காது சுட்டது. வண்ணம் உரிந்த இடத்தை மணிக்கட்டால் மறைத்து வாசித்ததில் இரண்டு இடத்தில் சுருதி தப்பியது.

சாமான்களை வேனில் ஏற்றும்போது சுப்பையனிடம் கேட்டான். "புரட்டாசில கலியாணம் இல்லீங்களே அண்ணா. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிப் புதுசு பண்ணிக் கொண்டாரனுங்க."

"உனக்குத் தெரியுமா அந்த வேலை?"

"எங்க மாமனாரு லாரிக்கே பெயிண்ட் அடிக்கறவருங்க."

"லாரியில ஹாரன் பாடுனாப் போதும். இதுல தந்தி பாடோணும். பாத்துப் பண்ணு."

மாமனார் சின்னண்ணன் திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். பேரைச் சொல்லிவிட்டானே தவிர, அவரிடம் போய் நிற்கும் எண்ணம் செல்லமுத்துவுக்கு இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு விருந்தில் அவர், "ஏனுங் மாப்ளெ, உங்களுக்குப் பந்தியில சோறு போடறது வாசிக்கறதுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டதை அவன் மறக்கவில்லை. அதனால் சேலத்துக் கடைவீதியில் தானே தேடி அலைந்தான். ஒரு கடையில் பீரோவுக்குப் பூசும் பாலிஷைக் கொடுத்தார்கள். இன்னொரு கடையில் கதவுக்கு அடிக்கும் எனாமலைக் கொடுத்தார்கள். அதை ஒரு பலகையில் பூசிப் பார்த்தான். கூழ்போல் தடிமனாக நின்று, தெருப் புழுதி முழுவதையும் பிடித்து வைத்துக்கொண்டது. லேக்கர் வேண்டுமென்று கேட்ட இடத்தில், பெரிய டின்னாகத்தான் தருவோம், சில்லறை கிடையாது என்றார்கள்.

கடைசியில் திருச்செங்கோட்டுக்கே போனான். சின்னண்ணன் கேலி ஒன்றும் செய்யவில்லை. கிரீம் நிற லேக்கரைத் தூக்குச்சட்டியில் ஊற்றி, அதைக் கரைக்கும் தின்னரை ஒரு பாட்டிலில் அடைத்துக் கொடுத்தார்.

"லாரி கேபினுக்கு அடிக்கறதுதானுங். மரத்துலயும் நிக்கும். மெல்லிசா அடிங்க, காயட்டும், மறுக்கா அடிங்க. மழ ஈரத்துல அடிச்சா வெள்ளையாப் பூத்துரும். காஞ்சுருச்சான்னு கையில தொட்டுப் பாக்காதீங்க மாப்ளெ. கையில ஒட்டாது, ஆனா உள்ளுக்குள்ள காஞ்சிருக்காது. மூக்க வெச்சுப் பாருங்க. தின்னர் வாசம் துளி வந்தாலும் கிட்டப் போகாதீங்க."

தந்திகளையும் தகடுகளையும் கழற்றி, உடம்பை உப்புத்தாளால் தேய்த்தான். அடிபட்ட பள்ளங்களுக்கு லப்பம் வைத்துக் கொடுத்தது அவன் மனைவி சௌந்திரம். பட்டறை வாசலில் விளையாடி வளர்ந்தவள். கட்டைவிரலால் அவள் இழுத்த லப்பத்தில் மேடு பள்ளம் தெரியவில்லை. கொசு மருந்து அடிக்கும் பம்பைக் கழுவி அதில் லேக்கரை ஊற்றினார்கள். கிட்டாரைப் பின்கட்டில் துணிக்கொடிக் கம்பியில் தொங்கவிட்டு அடித்தான். முதல் நாள் வானம் மூட்டமாக இருந்தது. அவள் வேண்டாமென்றாள். அவன் அடித்தான். சொன்னபடியே வெள்ளையாகப் பூத்துப்போயிற்று. வெயில் வந்ததும் அவள்தான் தின்னரை லேசாக அடிக்கச் சொல்லிப் பூத்ததைப் போக்கினாள். பிறகு பூச்சின் மேல் பூச்சாக ஏறி, கிட்டார் பளபளவென்று நின்றது. அக்கம்பக்கத்தார் வந்து அதில் முகம் பார்த்தார்கள்.

அந்த வாரமே ஆயுத பூஜை. தந்தி மாட்டிய கிட்டாரை நடுவில் சாய்த்து வைத்து, அரிவாள், தையல் மிஷின், சைக்கிள் எல்லாவற்றையும் அதைச் சுற்றி வரிசையாக வைத்தான். சௌந்திரம் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து வந்தாள். கிட்டாருக்கு மட்டும் தந்தி மாட்டும் இரும்பு அடித்தகட்டில் சின்னதாக ஒன்று வைத்தாள். அவள் வளர்ந்த பட்டறையின் வழக்கம் அது. புது லாரிக்குக் கண்ணாடியிலும் இரும்பிலும்தான் பொட்டு வைப்பார்கள், பெயிண்டில் வைக்கமாட்டார்கள்.

அதற்குள் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். "என்ன செல்லமுத்து, சைக்கிளுக்கு இத்தாப் பெருசு, கிட்டாருக்கு இத்துனூண்டா?" என்றார் ஒருவர்.

செல்லமுத்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தான்.

"ஏனுங்க, வேண்டாமுங்க. இன்னும் வாசம் போகல. மோந்து பாருங்க. அப்பா என்ன சொன்னாங்க?"

"உங்கப்பன் சொன்னது லாரிக்கு. இது கிட்டாரு."

நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொடுத்த தெம்பில் சந்தனத்தை அள்ளி நட்ட நடுவில் அப்பினான். இரண்டு பக்கமும் அப்பினான். மூன்றின் மேலும் குங்குமத்தை அழுத்தி வைத்தான்.

மறுநாள் காலையில் ஈரத்துணியால் துடைத்தபோது சந்தனம் வந்தது, குங்குமம் வரவில்லை. காயாத லேக்கர் அதைக் குடித்திருந்தது. சந்தன ஈரத்தில் பூத்த வெள்ளை வளையத்துக்குள் சிவப்பாக மூன்று கறை. தின்னரைத் தொட்டுத் துடைத்தான். கறை இன்னும் அகலமாகியது.

சரி செய்ய நேரம் கிடைக்கவில்லை. திடீரென்று ஒரு கச்சேரி வந்து, கிட்டாரை வாங்கிப்போக அன்று மதியமே சுப்பையன் வந்துவிட்டார். உறையை விலக்கிப் பார்த்தார்.

"என்ன செல்லமுத்து இது?"

செல்லமுத்து யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்தது. "சௌந்திரம் வெச்சுட்டாளுங்க அண்ணா. ஆயுத பூஜைன்னு... பொம்பளைக்கு என்ன தெரியும்?"

காப்பித் தம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தாள் சௌந்திரம். தம்ளரைச் சுப்பையன் முன்னால் வைத்தாள்.

"தெரியாம வெச்சுட்டனுங்க அண்ணா."

புருஷனை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சுப்பையன் முகம் இளகியது. "விடு தாயி. லச்சுமி கை பட்டிருக்குது. இருந்துட்டுப் போகட்டும்."

அவர் அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே பேசி இடைவெளி நிரப்புகிறவர் அவர். அடுத்த கச்சேரியிலேயே கிட்டாரைச் சுட்டிக் காட்டி, "இதுக்குப் பொட்டு வெச்சது யாரு தெரியுமுங்களா? நம்ம செல்லமுத்துவோட சம்சாரம்" என்று தொடங்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. அதிலிருந்து கல்யாணம், காதுகுத்து, அயோத்தியாப்பட்டணத்துப் பண்டிகை, எங்கே போனாலும் அந்தக் கதை உண்டு. செல்லமுத்து பக்கத்தில் நின்று தந்திக்குச் சுருதி சேர்ப்பதுபோல் குனிந்துகொள்வான். தபேலாக்காரர் மட்டும், "உங்க கிட்டாருக்கு அம்ம போட்டிருக்குது, வேப்பல கட்டுங்க" என்பார். அந்தக் கேலிதான் அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

கதை திருச்செங்கோட்டுக்கும் போயிற்று. அங்கே யாரும் கைதட்டவில்லை. ஒருநாள் பிறந்த வீட்டுக்குப் போய் வந்த சௌந்திரம் பையை வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"பெயிண்டர் பொண்ணு காயாத பெயிண்ட்ல பொட்டு வெச்சுதாமான்னு பட்டறைல கேக்கறாங்களாம். அப்பா தலையக் குனிஞ்சுட்டு வேல பாக்கறாங்க. சுப்பையண்ணன்கிட்ட அந்தப் பேச்ச நிறுத்தச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றான். ஒவ்வொரு கச்சேரிக்கும் அதே நினைப்போடு பஸ் ஏறினான். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் சொல்லவேண்டும். சேலம் வந்ததும் கிட்டாரை எடுத்துச் சுருதி சேர்க்க உட்கார்ந்துவிடுவான்.

1982 சித்திரையில் மல்லசமுத்திரத்து மாரியம்மன் பண்டிகைக்குச் சுப்பையன் குழுவைக் கூப்பிட்டார்கள். சொந்த ஊர். சின்னண்ணனும் வந்து, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் சுப்பையன் ஆரம்பித்தார். "பொட்டு வெச்ச தங்கச்சி இந்த ஊருதானுங்க. இங்கதான் எங்கியோ உக்காந்திருக்குது."

எல்லாத் தலையும் திரும்பியது. சௌந்திரம் முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். சின்னண்ணன் குனிந்தார். மேடையிலிருந்து செல்லமுத்துவுக்கு அவருடைய உச்சி வழுக்கை மட்டும் தெரிந்தது.

மைக்குக்குப் பக்கத்தில் போய், "அந்தப் பொட்டு வெச்சது நானுங்க" என்றான்.

ஊரே சிரித்துக் கைதட்டியது. "பாத்தீங்களா, சம்சாரத்த விட்டுக் குடுக்கறானா பாருங்க" என்றார் சுப்பையன். பின்வரிசையில் விசில் அடித்தார்கள். "இல்லீங்க, நெசமாவே" என்று அவன் சொன்னது விசிலில் அமுங்கிப்போயிற்று. சுப்பையன் கையைக் காட்ட, அடுத்த பாட்டுக்குத் தபேலா தொடங்கிவிட்டது. அவனும் வாசித்தான்.

மறுநாள் காலை மாமனாரும் மருமகனும் பலகாரத்துக்கு உட்கார்ந்தார்கள். சின்னண்ணன் முகத்தில் நெடுநாளாக இல்லாத தெளிச்சி.

"மாப்ளெ, அத்தன சனத்துக்கு மின்னால எம்பொண்ணு பேருல இருந்தத உங்க பேருல போட்டுக்கிட்டீங்க. யாரு செய்வாங்க அப்பிடி?"

பேசாமல் இருந்தால் அந்தப் பெருமை அப்படியே நின்றுவிடும். சௌந்திரம் சட்டினிக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். இந்தத் தடவை அவனுக்காக ஒன்றும் சொல்லவில்லை.

"போட்டுக்கலீங்க மாமா. வெச்சது நான்தான். வாசம் போகல, வேண்டாம்னு இவ சொன்னா. நாலு பேரு சிரிச்சாங்கன்னு வெச்சேன். அப்பறம் சுப்பையண்ணன் கேட்டப்ப இவ பேரச் சொல்லிட்டேன்."

சின்னண்ணன் இட்டிலியைப் பிட்ட கை பிட்டபடி நின்றது. மருமகனிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"மூணு வருசமா எங்கிட்டக்கூடச் சொல்லலியே சாமி?"

"உங்க மாப்ளெ சொல்லுவாங்கன்னு இருந்தனுங்கப்பா."

அடுத்த ஞாயிறு செல்லமுத்து சேலம் போய்ச் சுப்பையனிடமும் சொன்னான். அவர் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதன்பின் மேடையில் அந்தக் கதை நின்றது. சின்னண்ணன் முன்போலவே மகள் வீட்டுக்கு வந்தார், போனார். மருமகனிடம் மழையைப் பற்றியும் ஆலையைப் பற்றியும் பேசினார். கிட்டாரின் கறையை எடுத்து மறுபடி அடிக்க லேக்கர் வேண்டியிருந்தது. செல்லமுத்து கேட்கவில்லை. அவரும் வேண்டுமா என்று கேட்கவில்லை.