எட்டுக் கால் சிப்பும் நாற்பதாம் நாளும்

ஒரு புரோகிராமர் வாங்கப் பதினோரு நாள் யோசித்த ஆள் திண்டுக்கல்லில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏதோ கம்பெனியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிற ஆளைச் சொல்லவில்லை. நாம் எழுதிய புரோகிராமை ஒரு சின்னச் சிப்புக்குள் ஏற்றுகிற கருவிக்கும் அதுதான் பெயர். தீப்பெட்டி அளவில் இருக்கும். அதற்குத்தான் பதினோரு நாள்.

எனக்குத் தொழில் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர். டவுன் கடைகள், நிலக்கோட்டைப் பூ மார்க்கெட், கூப்பிட்ட இடத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். தராசில் சிப் கெட்டுப்போனால் போர்டையே கழற்றிவிட்டு வேறு போடுவோம், அதற்குமேல் ஆராய்ச்சி கிடையாது. நாமே சிப்புக்குள் எழுதலாம் என்பது வீடியோ பார்த்துப் பார்த்து எனக்குப் பிடித்த கிறுக்கு. மாடித் தொட்டி நிரம்பினால் கத்துகிற பெட்டி ஒன்றை ரெடிமேட் போர்டில் செய்திருந்தேன். அது கத்தாவிட்டால் தண்ணீர் வழியும், அம்மா திட்டுவாள், முடிந்தது. இந்தத் தடவை அப்படி இல்லை.

என் தங்கச்சிக்குக் காது கேட்காது. மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. நாற்பது நாள் கழிந்ததும் குளித்து, புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை பிரியாணி மாஸ்டர். விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே அடுப்புப் பற்றவைக்கக் கடைக்குப் போய்விடுவார். வீட்டில் வேறு ஆள் இல்லை. அவர் போன பிறகு விடிகிறவரை அவளும் பிள்ளையும்தான். பிள்ளை அழுதால் அவளை யார் எழுப்புவது?

அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "ஆறு மாசம் இங்கயே கெடக்கட்டும். அல்லாவே, புள்ள வீல் வீல்னு கத்திக்கிட்டுக் கெடக்கும், இவ அசந்து தூங்கிட்டு இருப்பா. நான் அனுப்ப மாட்டேன்."

தங்கச்சி அம்மாவின் உதட்டைப் பார்த்துப் படித்துவிட்டாள். முகம் சிவந்துவிட்டது. நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டி, இரண்டு கையையும் கூரை போலச் சேர்த்துக் காட்டினாள். என் வீடு. அது வாடகை வீடுதான், இரண்டு அறைதான். ஆனால் அங்கே பால்காரரிடமும் கேஸ்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் அவளே போனில் எழுதிக் காட்டிப் பேசிக்கொள்வாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் அவளுக்கு வாயே இல்லாமல் போய்விடும், எல்லாவற்றுக்கும் நாங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வோம். ஆறு மாதம் இங்கே கிட என்றால் அவளுக்கு அது என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "புள்ள அழுதா தலகாணிய ஆட்டி எழுப்புற மாரி ஒரு பொட்டி செஞ்சு தாரேன்மா" என்று வாயை விட்டேன்.

"போன்லயே அதெல்லாம் இருக்குங்குறாகளே?"

"போன் துடிச்சா அவ முழிச்சுக்கிருவாளா? தலமாட்டுல பத்துத் தடவ வச்சுப் பாத்தாச்சு, அசைய மாட்டேங்குறா. இது தலகாணிக்கு அடியில பெரிய மோட்டாரு. ஆள உலுக்கிரும்."

"சரி, அந்தப் பொட்டி வேல செஞ்சா போகட்டும். செய்யலன்னா இங்கனதான். அம்புட்டுத்தான்."

ஆக, என் தங்கச்சி தன் வீட்டுக்குப் போவது என் கையில் வந்து விழுந்தது. அன்றைக்குப் பிள்ளை பிறந்து ஆறாம் நாள்.

எங்கள் ஊர்க் கடையில் கேட்டால் புரோகிராமரெல்லாம் கிடைக்காது, போனில்தான் தேட வேண்டும். கண்ணில் பட்டவை மூன்று. ஒன்று, எல்லாரும் வாங்குகிற குட்டிப் புரோகிராமர். அசலைப் பார்த்து யாரோ அடித்த நகல். வாங்கியவர்களில் பாதிப் பேர் அருமை என்று எழுதியிருந்தார்கள், மீதிப் பேர் செருகியதும் புகை வந்தது என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது, சிப் செய்கிற கம்பெனியே போடுவது. நம்பலாம், ஆனால் வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றது. மூன்றாவது, பெட்டி மாதிரிப் பெரிய சாமான். அது சிப்பின் காலில் பன்னிரண்டு வோல்ட் கொடுத்து, பூட்டிக்கொண்ட சிப்பைக்கூடத் திறந்துவிடுமாம். சிப் எதற்குப் பூட்டிக்கொள்கிறது? தப்பான செட்டிங்கை ஏற்றினால் பூட்டிக்கொள்ளும். அந்த அளவுக்கு நான் என்ன மடையனா என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டேன்.

குட்டியா, கம்பெனி சாமானா? சோற்றில் கை வைத்துக்கொண்டு கருத்துகளைப் படித்தேன். பூ மார்க்கெட்டில் ஒரு வியாபாரி, "தராச பாக்க வந்தியா, போன பாக்க வந்தியாப்பு?" என்று கேட்டே விட்டார். நல்லது என்று எழுதியிருப்பவன் காசு வாங்கிக்கொண்டு எழுதினானோ, கெட்டது என்று எழுதியிருப்பவனுக்குச் செருகத் தெரியவில்லையோ! என்னைக் குறிப்பதற்குத் தங்கச்சி வைத்திருக்கும் சைகையே நகத்தைக் கடிப்பதுதான். அந்தப் பதினோரு நாளில் கடிக்க நகம் மிச்சமில்லை. கடைசியில் சீக்கிரம் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் குட்டியை வாங்கினேன். புகை வரவில்லை. நன்றாகவே வேலை செய்தது.

சிப்புக்கு எட்டுக் கால். இரண்டு கால் கரண்டுக்கு. மைக், மோட்டார், பளிச்சென்று அடிக்கிற பெரிய லைட், நிறுத்துகிற பட்டன், பேட்டரி அளவு என்று ஐந்து கால் போய்விட்டது. சத்தம் எவ்வளவு என்பதை மைக் ஓர் எண்ணாகச் சொல்லும். பிள்ளை அழும்போதெல்லாம் லேப்டாப்பில் எண்ணைக் குறித்துக்கொண்டேன். அழ ஆரம்பித்து ஒரு நொடியில் எண் தடாலென்று ஏறும். அதற்குச் சற்றுக் கீழே ஓர் அளவை வைத்தேன், அதைத் தாண்டினால் மோட்டார் ஆட வேண்டும். பன்னிரண்டு தடவை சோதித்தேன். பன்னிரண்டு தடவையும் தலையணை ஆடியது. அம்மாவே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, என்னா ஆட்டம்!" என்றாள்.

தங்கச்சி மட்டும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போனை எடுத்து எழுதினாள். "இது உயிரோட இருக்கா செத்துருச்சான்னு நான் எப்புடித் தெரிஞ்சுக்க?"

எனக்குச் சுரீர் என்றது. பெட்டி ஆடாமல் இருந்தால் பிள்ளை தூங்குகிறது என்றும் அர்த்தம், பெட்டி செத்துவிட்டது என்றும் அர்த்தம். வேலை செய்கிறவரை மினுக்கிக்கொண்டே இருக்கிற ஒரு சின்ன லைட் வேண்டும். அதற்குக் கால்? மிச்சம் இருந்தது ரீசெட் கால் ஒன்றுதான். அந்தக் காலை லைட்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுத்துவிட்டால் குட்டிப் புரோகிராமர் அந்தச் சிப்போடு இனிப் பேச முடியாது, அந்தக் கால் வழியாகத்தான் அது உள்ளே போகும். வீடியோவில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தான். படித்தேன். பன்னிரண்டு தடவை சோதித்தாயிற்றே, இனி என்ன மாற்றப் போகிறோம் என்று என்டரைத் தட்டினேன். பச்சை லைட் அழகாக மினுக்கியது. தங்கச்சி சிரித்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் சாயங்காலம். தங்கச்சி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள், பெட்டி தலைமாட்டில், அதன் மோட்டார் தலையணைக்கு அடியில். அம்மா அறை மூலையில் அசர் தொழுதுகொண்டிருந்தாள். தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது, பிறகு அழுதது. நான் பெருமையாகத் தலையணையைப் பார்த்தேன். ஆடவில்லை. பிள்ளை இன்னும் ஓங்கி அழுதது. பச்சை லைட் பாட்டுக்கு மினுக்குகிறது, தலையணை கல்லாகக் கிடக்கிறது. அம்மா சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தாள், தலையைத் திருப்பினாள், கத்தினாள்: "ஏய், புள்ள அழுவுது!"

தலையணை குதித்தது. தங்கச்சி எழுந்து உட்கார்ந்தாள்.

நான் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எல்லாம் விளங்கிவிட்டது. முப்பத்தெட்டு நாளாகப் பிள்ளை வாயைத் திறந்த ஒரு நொடியில் அம்மா "புள்ள அழுவுது!" என்று கத்துவாள். காது கேட்காத மகளைப் பார்த்துத்தான். இருபத்தைந்து வருஷமாக அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் இந்த வீட்டில் எல்லாரும் அவளைப் பார்த்துக் கத்தித்தான் பேசுவோம், பழக்கம் அப்படி. நான் குறித்துக்கொண்ட எண்கள் அத்தனையும் அம்மாவின் தொண்டை. அந்தப் பெட்டி பிள்ளை அழுதால் எழுப்பாது, அம்மா கத்தினால் எழுப்பும். மாப்பிள்ளை வீட்டில் கத்துவதற்கு அம்மா எங்கே இருப்பாள்?

அளவை மாற்ற வேண்டும். மாற்றவோ வழியில்லை, சிப்பை நானே என் கையால் பூட்டி வைத்திருக்கிறேன். அந்த அவசரத்திலும் குட்டியைச் செருகிப் பார்த்தேன். சிப்பைக் காணோம் என்றது. பத்துத் தடவை செருகினாலும் அதையேதான் சொல்லும் என்று தெரியும், பதினோராவது தடவையும் செருகினேன்.

"என்னடா மூஞ்சி இப்புடி இருக்கு?" என்றாள் அம்மா.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பன்னிரண்டு தடவை ஆடியதை எல்லாரும் பார்த்தார்கள், கேட்க ஆள் இல்லை. அடுத்து அந்தப் பிள்ளை இருட்டில் தனியாகக் கத்துவதை நினைத்துப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

"அப்ப அவ போகல" என்றாள் அம்மா, அவ்வளவுதான் என்பது போல. தங்கச்சி எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள். "இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல?"

மறுநாள், அன்று வேண்டாமென்று தள்ளிய பன்னிரண்டு வோல்ட் சாமானைத் தேடி முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். பாகங்கள் விற்கிற கடைகளாக ஏறி இறங்கினேன். மூன்று கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். நான்காவது கடையில் பெரியது ஒன்று இருந்தது, அட்டைப்பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே இன்னொரு கம்பெனியுடையதும் இருந்தது. போச்சா! எந்தப் பெரியது? போனை எடுத்துக் கருத்துகளைத் தேட ஆரம்பித்தேன்.

கடைக்காரர் செத்த நேரம் பொறுத்துப் பார்த்தார். "அண்ணே, எதுக்குண்ணே இது?"

சொன்னேன். தங்கச்சி, பிள்ளை, அம்மாவின் தொண்டை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த சிப்ப கொண்டாந்திருக்கீகளா?"

சட்டைப் பையில் பஞ்சில் சுற்றி வைத்திருந்தேன். வாங்கினார், பிரித்து வைத்திருந்ததில் சொருகினார். நான் திரையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "தொறந்துருச்சுண்ணே, திரும்புங்க" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைக் கடைக்காரர் பார்த்துவிட்டார் என்று அவர்மேல் கோபமும் வந்தது. திறந்துகாட்டியதையே வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அன்று மாலை மறுபடியும் எண் குறித்தேன். பிள்ளை அழுதபோது அம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள், பாவம், கண் பிதுங்கியது. அம்மாவின் சத்தத்தில் பாதிகூட இல்லை பிள்ளையின் சத்தம். அளவை அந்தளவுக்கு இறக்கினால் குக்கர் விசிலுக்கும் ஆடியது, தெருவில் ஆட்டோ ஹாரனுக்கும் ஆடியது. தங்கச்சியிடம் கேட்டேன். "சும்மா எழுப்புனாப் பரவால்ல. எழுப்பாமத்தான் இருக்கக் கூடாது" என்று எழுதினாள்.

நாற்பதாம் நாள். தங்கச்சி குளித்து வந்தாள். மாப்பிள்ளை ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பெட்டி படுக்கை எல்லாம் கட்டியாயிற்று, அம்மா வாயிலிருந்து சரி என்ற சொல் மட்டும் வரவில்லை. தங்கச்சி என் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தலைமாட்டில் வைத்து, மோட்டாரைத் தலையணைக்கு அடியில் செருகினாள். சுவரைப் பார்த்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு முன்னால் எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள். யாரும் கத்தக் கூடாது, யாரும் போகக் கூடாது.

பிள்ளை விழிக்கக் கால் மணி நேரம் ஆனது. சிணுங்கியது. அம்மா முந்தானையைக் கடித்தாள். பிள்ளை அழுதது. ஹாரனுக்கெல்லாம் ஆடக் கூடாதென்று, மூன்று நொடி விடாமல் அழுதால்தான் ஆட வேண்டும் என்று முந்தின ராத்திரி மாற்றி எழுதியிருந்தேன். ஒன்று. பிள்ளை மூச்சு வாங்க நிறுத்தியது. யா அல்லாஹ், கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும்! மறுபடி அழுதது. ஒன்று. இரண்டு. "மச்சான்..." என்று மாப்பிள்ளை என் காதில் ஏதோ சொல்ல வந்தார், அவர் வாயைப் பொத்தினேன். அம்மாவின் கால் தொட்டிலைப் பார்த்து நகர்ந்தது, இன்னொரு கையால் அம்மாவின் தோளைப் பிடித்தேன்.

தலையணை ஆடியது.

தங்கச்சி எழுந்தாள். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை, நேராகத் தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாற்பது நாளில் பிள்ளை அழுது அவள் முதலில் போய்த் தூக்கியது இதுதான். ஒவ்வொரு தடவையும் அம்மா, இல்லை நான், யாராவது ஓடித் தூக்கி, அவளை உலுக்கி, அவள் கையில் கொடுத்திருக்கிறோம்.

அம்மா என் கையை உதறிவிட்டு, "குடு, குடு, நான் அமத்துறேன்" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். தங்கச்சி பிள்ளையை மார்போடு ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையை விரித்து அம்மாவுக்கு முன்னால் நிறுத்தினாள். பிறகு அதே கையால் நாற்காலியைக் காட்டினாள். அம்மா என்னைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், போய் உட்கார்ந்தாள்.