ஆறு மணி வகுப்பும் ஐந்தேகால் பஸ்ஸும்

எங்கள் தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் டீ வரும்வரை யாருக்கும் எந்தக் குறையும் இருக்காது. "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று அதிகாரி கேட்பார். "ஒண்ணும் இல்லைங்க" என்று அரங்கமே ஒரே குரலில் சொல்லும். டீ வந்ததும் வராந்தாவில் ஒரு கையில் டம்ளரும் மறு கையில் வடையுமாக நின்றுகொண்டு, ஒழுகும் கூரை, உடைந்த கழிப்பறைக் கதவு, வராத கணக்கு வாத்தியார் என்று அத்தனையையும் கொட்டித் தீர்ப்போம். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் குறையே இல்லாதவர்களாக உட்கார்ந்துவிடுவோம்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியை. எனக்கு வாய் நீளம் என்று மாவட்டம் முழுக்கப் பேர். அந்தப் பேரும் வராந்தாவில் வாங்கியதுதான்.

புதிதாக வந்த மாவட்டக் கல்வி அலுவலர் தேர்வெழுதி நேரடியாக வந்த பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். முதல் கூட்டத்திலேயே, "எனக்கு இந்தப் பக்கம் புதுசு. எது சரியில்லைன்னாலும் நேரா சொல்லுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார். பலமாகக் கைதட்டினோம். இப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேரை நாங்கள் பார்த்திருக்கிறோம்! இதையே சொன்ன ஒருவர், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நம்பிச் சொன்ன மனிதரைத் திருத்துறைப்பூண்டிக்கும் அந்தாண்டை தூக்கியடித்தார்.

அடுத்த கூட்டத்தில் அந்த அம்மா தன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கே வந்துவிட்டார். கப்சிப். கூரை, கதவு எல்லாம் போன இடம் தெரியவில்லை.

"வடை நல்லா இருக்குங்க மேடம்" என்றார் ஒருவர்.

"ஆமாங்க, மொறுமொறுன்னு இருக்கு" என்றார் இன்னொருவர்.

பாவம், அவரும் நாங்கள் வடையைப் புகழ்வதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார்.

ஐப்பசி மழை பிடித்த நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய உத்தரவு வந்தது. பத்தாம் வகுப்புக்கு மாலை ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு. படித்து முடிப்பதற்குள் "நன்றி மேடம்", "மிகச் சிறப்பு மேடம்" என்று வரிசை கட்டிவிட்டது. நானும் ஒரு கும்பிடு போட்டேன். போட்ட பிறகுதான் பஸ் ஞாபகம் வந்தது.

என் பள்ளிப் பெண்களில் பாதிப் பேர் வாய்க்கால் ஓரத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு ஐந்தேகாலுக்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் எட்டு மணிக்குத்தான். இறங்கினாலும் கரையோடு அரை மணி நேரம் நடக்க வேண்டும். ஒரு விளக்கு கிடையாது.

உத்தரவாயிற்றே என்று ஆறு மணி வரை வகுப்பு நடத்தினேன். இரண்டே நாளில் ஒரு பெண்ணின் அப்பா வந்து நின்றார். குத்தகைக்கு நிலம் எடுத்துச் சம்பா போட்டிருக்கிறவர். அந்தப் பெண் சூரப்புலி, கேள்வி கேட்டே கணக்கு டீச்சரைத் திணற அடிப்பாள்.

"டீச்சர், அடைமழை பேயுது. பொட்டப்புள்ள எட்டு மணி பஸ்ல வந்து இறங்கி இருட்டுல கரையோட நடக்குது. நானும் என் சம்சாரமும் வயல்ல கெடக்கிறோம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நாளையிலேர்ந்து அனுப்பல."

"அதெல்லாம் வேணாங்க. அஞ்சேகால் பஸ்ஸுக்கு நானே அனுப்பி விடுறேன்."

"மேலேர்ந்து ஆர்டருன்னு நேத்து எம் பொண்ணுகிட்ட நீங்கதானே சொன்னீங்க? நாளைக்கும் அதையேதான் சொல்லுவீங்க. ஆர்டரை மாத்திட்டுச் சொல்லுங்க, அனுப்புறேன்."

மறுநாள் அவள் இடம் காலியாக இருந்தது. மற்றப் பெண்களை ஐந்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினேன். அதைச் சொல்லியும் அவர் மசியவில்லை. பரீட்சைக்கு இன்னும் சில மாதம்தான். இப்போது நின்றால் நின்றதுதான், பிறகு அவள் திரும்பப் போவதில்லை.

பக்கத்து ஊர்த் தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, "நீங்க எப்படி சார் ஆறு மணி வரைக்கும் நடத்துறீங்க?" என்று கேட்டேன். சிரித்தார்.

"நடத்துறதா? போட்டோ எடுக்கிறோம் டீச்சர். நாலு மணிக்குச் சன்னலை எல்லாம் சாத்திட்டு லைட்டைப் போட்டா ராத்திரி மாதிரியே இருக்கும். ஆறு மணிக்குக் குரூப்புல போட்டுற வேண்டியதுதான்."

குழுவைத் திறந்து பார்த்தேன். அடடா, என்ன அழகு! எல்லாப் பள்ளியிலும் சன்னல் சாத்தியிருந்தது. அவருடைய படத்தில் மட்டும் கரும்பலகைக்கு மேலே கடிகாரம் நாலு பத்து காட்டிக்கொண்டிருந்தது.

படங்களைப் பார்த்து அந்த அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "உங்கள் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். அடுத்த வாரம் முதல் ஏழு மணி வரை நடத்துவோம்" என்று போட்டுவிட்டார். அதற்கும் கும்பிடு மேல் கும்பிடு. வந்ததே கோபம் எனக்கு! போனைச் சோபாவில் வீசினேன்.

தலைமையாசிரியர்கள் நாலைந்து பேர் போனில் பேசி, அந்த வாரக் கூட்டத்தில் இதைச் சொல்லியே தீருவது என்று முடிவெடுத்தோம். பக்கத்து ஊர்க்காரர் ஆரம்பிப்பார், நாங்கள் பின்னாலேயே எழுந்திருப்போம் என்று ஏற்பாடு. நேரம் வந்தபோது அவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்குள் அந்த அம்மாவே என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

"உங்க பள்ளியிலேர்ந்து மட்டும் போட்டோ வரலையே டீச்சர்?"

எழுந்தேன்.

"நடத்த முடியலைங்க மேடம். ஏழு மணி இல்லைங்க, ஆறு மணியே முடியாது. அஞ்சேகாலை விட்டா எங்க பொண்ணுங்களுக்கு எட்டு மணிக்குத்தான் பஸ். நல்லா படிக்கிற ஒரு பொண்ணு இந்த வகுப்பாலேயே நின்னு போச்சுங்க. ஒரு வாரமாச்சு."

"மத்த பள்ளியில எல்லாம் நடக்குதே?"

கூட இருப்பவர்களைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை. பின்னாலிருந்து பக்கத்து ஊர்க்காரரின் குரல் ஈனஸ்வரத்தில் வந்தது.

"மேடம், என் போட்டோவைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க. கடிகாரம் தெரியும்."

அந்த அம்மா போனை எடுத்து விரலால் விரித்துப் பார்த்தார். முகம் சிவந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"இந்தப் போட்டோவை எல்லாம் நம்பித்தானே ஏழு மணின்னு போட்டேன்! சன்னலைச் சாத்துறது யாரோட யோசனை?"

யாரோ ஒருவர், "கூட்டு முயற்சிங்க மேடம்" என்றார்.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. பஸ், கூரை, கழிப்பறைக் கதவு என்று ஒருவர் விடாமல் எழுந்தார்கள். வராந்தாவில் டீ ஆறிப் போயிற்று, ஒருவர்கூட வெளியே போகவில்லை. காலை முதல் பஸ் எட்டுக்குள் வந்துவிடும், எட்டு முதல் ஒன்பது வரை வகுப்பு வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அங்கேயே அது முடிவாயிற்று.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

அன்றைக்கே ஜீப்பை என் பள்ளியில் நிறுத்திவிட்டு, பெண்களோடு ஐந்தேகால் பஸ்ஸில் ஏறினார். இறங்கியபோதே மசமசவென்று இருட்டியிருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கிக் கரையோடு நடந்தோம். வீட்டு வாசலில் அந்தப் பெண்ணின் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் யாரென்று சொன்னேன்.

"ஆறு மணி வரைக்கும் வகுப்பு வைக்கச் சொன்னது நீங்களாம்மா?"

அரசாங்கம், தேர்ச்சி விகிதம் என்று ஏதாவது சொல்லப்போகிறார் என்று பயந்தேன்.

"நான்தாங்க. பஸ் எப்பன்னு கேக்காமலே போட்டுட்டேன், தப்புதான். இனிமே காலையில எட்டு மணிக்குத்தான் வகுப்பு. பொண்ணை அனுப்புங்க."

அவர் செம்பைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் டீச்சர், சொன்னா கேட்டுக்கிறாங்களே இவங்க. இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வாரமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "நாளைக்கு மொத வகுப்பு கணக்கா டீச்சர்?" என்றாள்.

"கணக்குதான்டி, கணக்குதான்" என்றேன்.