அக்கா பேருக்கு வந்த டிராப்ட்

என் அக்கா புருஷன் பினாங்கில், துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரிசிக் கிடங்கில் வேலை பார்த்தார். ஜப்பான் சண்டைக்கு முந்தின காலம். மாதாமாதம் மணியார்டர் அனுப்புவார். அக்கா மலையிறங்கி பேளுக்குறிச்சிக்குப் போய், கைநாட்டு வைத்துப் பணத்தை வாங்கி, சந்தையில் உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு பொழுது சாயுமுன் மலைமேல் எங்கள் திருப்புலி நாட்டுக்கு ஏறிவிடுவாள். அதில் ஒரு வம்பும் இருந்ததில்லை. நன்றாக நடந்துகொண்டிருந்த காரியத்தில் மச்சானுக்குத்தான் புதுப் புத்தி வந்தது.

அக்காவைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள முடிவு செய்தார். கப்பல் கட்டணம், துணிமணி, வழிச்செலவு எல்லாம் சேர்த்துப் பெரிய தொகை. அதை மணியார்டரில் அனுப்பாமல் ஒரு வெள்ளைக்கார பேங்கில் கட்டி, அக்கா பேருக்கு டிராப்ட் வாங்கி, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டார். கூடவே ஒரு கடிதம். அங்கே சீனர் பேங்க் உண்டாம், செட்டியார் கடை உண்டாம், தபாலாபீஸ் பேங்கும் உண்டாம். எல்லாவற்றையும் விசாரித்து இதைத்தான் பிடித்தாராம். கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர், எங்கும் இதற்குக் கிளை உண்டு என்று பெருமையாக எழுதியிருந்தார். சேலத்தில் உண்டா என்று மட்டும் அவர் விசாரிக்கவில்லை.

வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான்தான். அதனால் அலைச்சல் என் தலையில் விழுந்தது.

முதலில் அக்காவும் நானும் அடிவாரத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனோம். அங்கிருந்த காரியதரிசி டிராப்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது சொசைட்டிங்க. மெம்பருக்குக் கடன் குடுப்போம், வசூல் பண்ணுவோம். சீமைக் காயிதமெல்லாம் இங்க செல்லாதுங்க. நாமக்கல் போய்ப் பாருங்க.”

நாமக்கல்லில் நாங்கள் தெரியாத்தனமாக நுழைந்தது நில அடமான பேங்க். வாய் திறப்பதற்குள் குமாஸ்தா “பட்டா கொண்டாந்தீங்களா?” என்றார். பணம் வாங்க வந்திருக்கிறோம் என்றேன். “அதுக்குத்தான் பட்டா கேக்குறேன்” என்றார். எங்களுக்குக் கடன் வேண்டாம், எங்கள் பணம்தான் வேண்டும் என்று புரியவைப்பதற்குள் என் தொண்டை வற்றிவிட்டது. அடுத்த தெருவில், வட்டிக்குக் கொடுக்கும் ஒரு நிதி. அங்கிருந்தவர் டிராப்டைத் தொடக்கூட இல்லை. அக்காவின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தோட்டைக் கழட்டி வெச்சீங்கன்னா இப்பவே பணம் தாரேம்மா.”

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏனுங்க, என் பணத்தை நான் வாங்க என் தோட்டையே அடகு வெக்கோணுமா? வாடா தம்பி, போலாம்.”

மறுநாள் சேலம். அங்கே பெரிய பேங்க். வாசலில் துப்பாக்கியோடு சேவகன், உள்ளே பித்தளைக் கம்பி போட்ட ஜன்னல்கள். ஒரு ஜன்னலில் நின்றால் அடுத்த ஜன்னலைக் காட்டினார்கள். கடைசி ஜன்னலில், மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் ஐயா சொன்னார்: டிராப்டை மெட்ராசுக்கு அனுப்பி வசூல் செய்துதான் தரமுடியும். அதற்கு அக்கா பேரில் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க, இங்கே ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அக்காவைத் தெரியும் என்று கையெழுத்துப் போடவேண்டும்.

“மலையில இருந்து வாரோமுங்க. எங்களை இங்க யாருக்குங்க தெரியும்?”

“அப்ப முடியாது.”

“இவளுக்குத் தம்பி நானே சொல்றேனுங்களே!”

“உன்னை யாருக்குத் தெரியும்?” என்றார் அவர்.

எனக்கு அந்த ஜன்னல் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது. அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். எங்கள் மிளகை வாங்கும் சேலத்து வியாபாரி நினைவுக்கு வந்தது அவளுக்குத்தான். அவர் நல்ல மனிதர். கடையை அப்படியே விட்டுவிட்டு எங்களோடு வந்தார். ஆனால் அவருக்குக் கணக்கு இருந்தது அந்தப் பெரிய பேங்கில் அல்ல, கடைவீதியில் இருந்த ஒரு சின்ன பேங்கில். சரி என்று அங்கேயே கணக்குத் திறந்தோம். அக்காவின் கைநாட்டுக்கு ஓர் அதிகாரி சாட்சி போடவேண்டும் என்றார்கள். அதற்குத் திரும்ப ஊருக்கு வந்து, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எந்த ஊரில் முகாம் போட்டிருக்கிறார் என்று தேடி அலைந்தேன். சாமை அறுப்பு நேரம் வேறு. என் மனைவி தனியாகக் காட்டில் கிடந்தாள். நான் வீடு திரும்பும்போதெல்லாம் சோற்றை வைத்துவிட்டு அரிவாள் தீட்டப் போய்விடுவாள்.

எல்லாம் கொடுத்து டிராப்டை ஒப்படைத்தோம். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். போனால், மெட்ராசிலிருந்து பதில் வரவில்லை. அதற்கடுத்த முறை, பினாங்கிலிருந்து மெட்ராசுக்கு வரவேண்டிய தகவல் வரவில்லை. ஒவ்வொரு முறையும் மலையிறங்கி, பஸ் பிடித்து, பெஞ்சில் உட்கார்ந்து, ‘வரவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுவிட்டு மலையேறினேன்.

ஒரு நாள் அப்படித் திரும்பி வந்தபோது அக்கா மிளகு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது?”

“விக்கப்போறேன். உன் சம்சாரம், உங்க மிளகுப் பங்கையும் சேத்து எடுத்துக்கோன்னு சொல்லிருச்சு. அந்தப் பணம் வாரப்ப நீ எடுத்துக்கோ. நான் கப்பலுக்குப் போகோணும், சாமி. இனி ஒரு பேங்க் படியும் நான் ஏறமாட்டேன்.”

வீட்டுக்குள்ளிருந்து என் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இருவரும் எனக்குத் தெரியாமல் பேசி முடித்திருந்தார்கள். மிளகு போன விலைக்குப் போயிற்று. நாகப்பட்டினம் வரை நானே கொண்டுபோய்க் கப்பல் ஏற்றிவிட்டேன். தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள், அழவே இல்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஊர் திரும்பிய சில நாளில் பேங்கிலிருந்து தபால்: பணம் வந்துவிட்டது, கணக்குடையவர் நேரில் வரவும்.

போனேன். அக்கா கப்பலில் போய்விட்டாள் என்றேன்.

“அவங்க கைரேகை இல்லாம தரமுடியாதுங்களே” என்றார் அந்தப் பேங்கை நடத்தும் ஏஜெண்ட்.

“அவ கடல்ல இருக்காளுங்க!”

“கோபப்படாதீங்க. அவங்க அங்கிருந்து எழுதிக் குடுத்தா, உங்க மச்சான் பேருக்கே பினாங்குக்குத் திருப்பி அனுப்பிடறோம். கமிஷன் பிடிப்போம்.”

நான் சத்தம் போட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஏஜெண்ட் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டு, பினாங்கு முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

மழைக்காலம் முடியும் தறுவாயில் மச்சானின் கடிதம் வந்தது. வரும்போது கமிஷன், போகும்போது கமிஷன் எல்லாம் கழித்து, பணம் வந்து சேர்ந்துவிட்டதாம். அதை வாங்க அங்குள்ள பேங்குக்கு அக்காவும் கூடப் போனாளாம். வாசல் வரைதான் வந்தாளாம், படி ஏறமாட்டேன் என்று தெருவிலேயே நின்றுகொண்டாளாம். மிளகுப் பணத்தை மணியார்டரில் அனுப்பியிருந்தார். மீதியில் கடலைப் பார்த்த மாதிரி ஓர் அறை பிடித்திருக்கிறார்களாம். அக்கா வாசலில் தொட்டி வைத்து மிளகாய்ச் செடி போட்டிருக்கிறாளாம்.

கடிதத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மிளகாய்ச் செடி வரும் இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு இருவரும் காட்டுக்குப் போனோம். களை மண்டிக் கிடந்தது.