யாரென்று கேட்காத ஊர்

படப்பையில் மரகதம் டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. பால்வாடியில் சின்னப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற வேலைதான் அவளுக்கு. ஆனால் ஊரில் ஒரு கூட்டம் என்றால் மைக்கைப் பிடித்துத் தயங்காமல் பேசக்கூடிய பெண் அவள் ஒருத்திதான். கல்யாணமான புதிதில் மெட்ராஸில், அயனாவரத்தில், எட்டு வருஷம் குடித்தனம் செய்தவள். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் கணவன் பலராமனுக்கு வேலை கிடைத்ததும் இங்கே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வீட்டை ஒட்டி ஓர் அறையும் சமையல்கட்டுமாக ஒரு போர்ஷன், வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டியது.

1991 பொங்கலுக்கு இளைஞர் மன்றத்தார் பட்டிமன்றம் வைத்தார்கள். ‘குடியிருக்கச் சிறந்தது பட்டணமா, நம்ம ஊரா?’ என்று தலைப்பு. மரகதம் பட்டணத்தின் கட்சி. எதிர்க்கட்சி காற்றையும் கீரையையும் பேசியது. இவள் கட்சியில் முன்னால் பேசியவர்கள் பஸ்ஸையும் ஆஸ்பத்திரியையும் பேசினார்கள். மரகதம் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டாள்.

“பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் நாளைக்கு நம்ம ஊருக்கும் வந்துடும். ஆனா பட்டணத்துல எட்டு வருஷம் இருந்தேனே, பக்கத்து வீட்டுக்காரங்க என்ன ஜாதின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரே குழாயில தண்ணி புடிச்சோம். வாசல்ல வந்து நிக்கிற மனுஷனை நீ யாருன்னு கேக்காம கதவைத் தொறக்கிற ஊரு எதுவோ, அதுதான் குடியிருக்க லாயக்கான ஊரு!”

விசில் பறந்தது. நடுவர் பட்டணத்துக்கே தீர்ப்புச் சொன்னார். மன்றச் செயலாளர் தாண்டவராயன் ஓடிவந்து சால்வை போர்த்தினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். பெயர் லூர்தம்மாள், இந்தப் பக்கத்துக்குப் புதிதாகப் போட்டிருக்கிற கிராம நர்ஸ் என்று சொன்னாள்.

“அன்னிக்கு நீங்க பேசினதைக் கேட்டேன் டீச்சர். போர்ஷன் காலியா இருக்குன்னாங்க. அதான் தைரியமா வந்தேன். நானும் எங்கம்மாவும் மட்டும்தான்.”

மரகதத்துக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். லூர்தம்மாள் குழாயைத் திறந்து பார்த்தாள். ஜன்னலோரம் அம்மாவுக்குக் கட்டில் போடலாம் என்றாள். மரகதம் காபி போடத் திரும்பியவள், போகிற போக்கில் கேட்டாள்.

“சொந்த ஊரு எது?”

“பென்னலூர் பக்கம் டீச்சர்.”

“அங்க எங்க?”

லூர்தம்மாள் கொஞ்சம் நிதானித்தாள். “காலனியில.”

அந்த வட்டாரத்தில் அந்த ஒரு சொல் போதும். ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட சனங்களின் தெரு அது. மரகதத்தின் கை தானாகப் போய் ஜன்னலைச் சாத்தியது.

“அடடா, மறந்தே போயிட்டேன் பாருங்க. எங்க வீட்டுக்காரரோட தம்பி வர்றதா இருக்கு. அவருக்குத்தான் இந்தப் போர்ஷன்.”

லூர்தம்மாள் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். “பரவால்ல டீச்சர்” என்றாள். போகும்போது கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

உள்ளே பலராமன் ஷேவிங் செய்துகொண்டிருந்தான். “இன்னா சொல்லி அனுப்சே?”

“உங்க தம்பி வர்றான்னு.”

“எனக்கு ஏது தம்பி?” என்றவன், பிளேடைக் கழுவிக்கொண்டே, “குடுத்திருக்கலாம். பாத்தா நல்ல பொம்பளையாத்தான் கீது” என்றான்.

“அப்ப வெளிய வந்து சொல்றதுதானே? எல்லாத்தையும் கேட்டுக்கினுதானே இருந்தீங்க?”

அவன் கண்ணாடியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று குழம்புக்குப் புளி கரைக்கும்போது மரகதத்துக்கு அயனாவரம் நினைவுக்கு வந்தது. வீடு கேட்டுப் போன முதல் நாள், வீட்டுக்கார அம்மா கேட்ட முதல் கேள்வியே என்ன ஜாதி என்பதுதான். பலராமன் சொன்னான். “அட, நம்மவங்கதானா!” என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சாவி கொடுத்தாள். அந்த வரிசையில் இருந்த அத்தனை குடித்தனங்களும் அப்படிக் கேட்டு வைக்கப்பட்டவைதான். பக்கத்து வீட்டாரின் ஜாதியை அவள் கேட்டதில்லை என்றால், கேட்க வேண்டியிருக்கவில்லை என்றுதான் அர்த்தம். பதில் பொருந்திவிட்டதால் கேள்வியே மறந்துபோயிருக்கிறது. அதை மேடையில் ஏறி ஊருக்கே உபதேசமாகச் சொல்லியிருக்கிறாள். அடுப்பங்கரையில் தனியாக நின்றவளுக்கு முகம் எரிந்தது.

ஆனாலும் லூர்தம்மாளைத் தேடிப்போய்க் கூப்பிட வாய் வரவில்லை. போர்ஷன் பூட்டியே கிடந்தது. வாடகைக்கு என்று எழுதிய அட்டையைக் கழற்றிவிட்டாள். தம்பி வருவதாகச் சொன்ன வீட்டை வேறு யாருக்கு விடுவது?

மாதம் ஒருமுறை பால்வாடிக்குத் தடுப்பூசி போட லூர்தம்மாள் வருவாள். மரகதம் பிள்ளைகளை மடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். “கையை இறுக்கிப் புடிங்க டீச்சர்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. முகத்தில் கோபமும் இருக்காது. கோபப்பட்டிருந்தாலாவது மரகதத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாவது மாதம் பால்வாடி ஆயா ராஜாமணி வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டாள். “டீச்சர், உங்க வூட்டுல போர்ஷன் காலியாத்தானே கீது? நர்ஸம்மா பாவம், குன்றத்தூர்லேந்து வருது. குடுக்கறதுதானே?”

மரகதம் குனிந்து மடியிலிருந்த பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். ஊசியைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்த லூர்தம்மாள் நிமிராமலே சொன்னாள்: “அவங்க சொந்தக்காரர் வர்றாரு ஆயா. நான்கூடக் கேட்டேன்.”

தன் பொய்யை அவளே சுமக்கிறாள் என்பதை மரகதத்தால் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே தாண்டவராயன் வந்தான். “அக்கா, சித்திரைக்கு ஒரு பட்டிமன்றம் வெக்கிறோம். யாருன்னு கேக்காத ஊருன்னு சொன்னீங்களே, அதை அப்படியே இன்னொரு தபா சொல்லுங்க. சனம் இன்னும் அதையே பேசிக்கினு கீது.”

“என்னால முடியாது தம்பி.”

“ஏங்க்கா?”

“தொண்டை சரியில்ல” என்று அவனுக்கும் ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த தடுப்பூசி நாளன்று வேலை முடிந்ததும் லூர்தம்மாளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். சொல்லிவிட்டாள்.

“தம்பின்னு யாரும் இல்ல. போர்ஷன் காலியாத்தான் இருக்கு. நான் பொய் சொன்னேன். நீங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க.”

“தெரியும் டீச்சர்.” லூர்தம்மாள் மருந்துப் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டாள். “குன்றத்தூர்ல வீட்டுக்காரம்மா கேட்டாங்க, சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. கிணத்துல மட்டும் நீங்களே மொண்டுக்கக் கூடாது, நாங்க ஊத்தறோம்னுட்டு சாவி குடுத்தாங்க. கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அங்க எது வரைக்கும் போகலாம்னு எனக்குத் தெரியும். உங்க வீட்டுக்கு வந்தா நீங்க தினம் என் மூஞ்சியைப் பாத்து சங்கடப்படுவீங்க. அதையும் சேத்து நானும் எங்கம்மாவும் தாங்கணும். வேணாம் டீச்சர்.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டு, ஜன்னல் வழியாக, “அடுத்த மாசம் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு குடுத்து வைங்க, வெறும் வயித்துல அழுவுதுங்க” என்றாள்.

ஆடி கழிந்து, பலராமனோடு கம்பெனியில் வேலை செய்கிற ஒருவன் புதுப் பெண்டாட்டியோடு வீடு கேட்டு வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. பலராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீங்க…” என்று ஆரம்பித்தான். மரகதம் குறுக்கே வந்து, ஒன்றும் கேட்க வேண்டாம், இன்றைக்கே பால் காய்ச்சிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக நன்றி சொன்னாள்.

ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு உள்ளே வந்தவள், பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். அவர்கள் வந்து நின்றதுமே, நெற்றியையும் பெயரையும் பேச்சையும் வைத்து, இவர்கள் இன்னார் என்று மனசு முன்னாலேயே முடிவு கட்டியிருந்தது. இல்லையென்றால் வாய் அவ்வளவு சுலபமாக ‘ஒன்றும் கேட்க வேண்டாம்’ என்று சொல்லியிருக்காது.